எட்டு விரற்கடை

மே இருபத்தொன்று. ஓடர் ஆற்றின் மேற்குக் கரை.
குதிரைமசாலும் செங்குளோவரும் தொடை உயரம்.
நாலு நாளில் பூத்துவிடும் என்கிறாள் ஓர்ட்ரூன்.
பூத்தால் தண்டு நாராகும்,
நாரானால் பசு முகம் திருப்பும்,
பசு முகம் திருப்பினால் வங்கியும் திருப்பும்.
அந்தாதி மாதிரி அவள் கணக்கு.
ஒன்று முடிந்த சொல்லில் மற்றொன்று தொடங்கும்.

ஹென்ரிகே மூன்று வாரமாய்
வயலோரம் மடக்கு நாற்காலியில்.
வானம்பாடி இறங்கிய இடத்தில் கூடு இருக்காதாம்.
தள்ளி இறங்கி, பயிருக்குள் நடந்து போகுமாம்,
கடன்காரனுக்குப் பயந்து
கொல்லைப்புறமாய் வீட்டுக்குள் நுழைகிறவனைப் போல.

முதல் அறுப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவில்
ஏழு வாரம் வேண்டும் என்றாள்.
ஐந்து, என்றாள் ஓர்ட்ரூன்.
காபி ஆறிப் போயிற்று.
ஆறு என்று மட்டும்
இருவரும் சொல்லவில்லை.

நான் சேற்றுக் காலோடு வாசலில் நின்றேன்.
என் பெயர் போக்னா. அக்கரையிலிருந்து வருபவள்.
அறுப்பு எந்திரம் ஓட்ட எனக்கு ஹெக்டேருக்குக் கூலி.
போன வருடம் இதே வயலில்
ஒரு சத்தம் கேட்டது.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
கூலியில் அதற்கு எதுவும் பிடிக்கவில்லை.

கடைசியில் பேசி முடித்தது இது:
நாலு விரற்கடையில் ஓடும் கத்தி
எட்டில் ஓட வேண்டும்.
நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாய் அறுக்க வேண்டும்.
பத்து மீட்டர் அகலத்தில் மூன்று பட்டை
அப்படியே நிற்க வேண்டும்.
வாரக் கணக்கு
மேசை மேலேயே கிடந்தது.

ஓடத் தெரிந்தவை ஓடின.
மான் ஒன்று, காடைகள், பேர் தெரியாத ஏதோ.
என் பின்னால் வெண்நாரைகள்
பந்தியில் இலை போட்டாயிற்றா என்று பார்ப்பவர்கள் போல
நிதானமாய் வந்தன.

முயல்குட்டி ஓடாது.
அசையாமல் கிடப்பது ஒன்றுதான்
அதற்கு வந்த வித்தை.
பருந்திடம் பலித்தது.
ஆறு மீட்டர் அகல இரும்பிடமும் பலிக்கும் என்று
யார் அதற்குச் சொன்னது?

மூன்றாம் சுற்றில் இறங்கிப் பார்த்தேன்.
அறுத்த தாளுக்குள் அது கிடந்தது,
முதுகெல்லாம் குளோவர்த் துணுக்கு,
விலா மட்டும் படபடவென்று.
பக்கத்தில் மண்ணில் கை ஊன்றி
விரல்களை அடுக்கிப் பார்த்தேன்.
முதுகு வரை ஆறு.

யாரையும் கூப்பிடவில்லை.
அந்த நாலு விரற்கடைத் தாளில்
பதினோரு பசுவின் டிசம்பர்த் தீனி
நிலத்திலேயே நின்றது என்று
ஓர்ட்ரூன் பிறகு கணக்குச் சொன்னாள்.
கோபமாய் அல்ல. எடை சொல்வது போல.

ஜூலையில் நரி
பட்டைகளைப் படித்துவிட்டது.
ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போகும்
நல்ல வாசகன் மாதிரி
ஓரமாகவே நடந்து போயிற்று.
ஐந்து கூட்டில் மூன்று காலி.
ஹென்ரிகே அதையும் நோட்டில் எழுதினாள்,
அதே கையெழுத்தில்.

ஓர்ட்ரூன் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
அவள் கேட்டது:
"முப்பது மீட்டராக்கி
ஒரே இடத்தில் விட்டால்
அதற்கு வழி தெரியாதா?"
"தெரியும். கொஞ்சம் நேரம் ஆகும்," என்றாள் ஹென்ரிகே.

பட்டையில் சுக்கான் களை ஏறியது.
அந்தப் புல்லைப் பசுக்கள் மோந்துவிட்டு
கீழே தள்ளின. சினைக் கிடேரிகள் தின்றன,
முறைத்துக்கொண்டே.
மண்ணுக்கடியில் வேர்முடிச்சுகள்
யாரையும் கேளாமல்
அடுத்த கம்புரைக்குத் தழைச்சத்து
சேர்த்துக்கொண்டிருந்தன.

இப்போது மறுபடி மே.
கொட்டகையில் எந்திரத்துக்கு மசகு போடுகிறேன்.
உயரம் வைக்கும் நெம்புகோலில்
போன வருடம் நான் கீறிய கோடு இருக்கிறது.
அதற்கு மேலே
யாரோ சாக்கட்டியால்
இன்னொரு கோடு போட்டிருக்கிறார்கள்.

கையெழுத்து இல்லாததால்
யார் என்று தெரியவில்லை.